என் கட்டைவிரலும் ஒரு கைத்துப்பாக்கியும்

1

மலேசியாவுக்கு வந்து முப்பது வருடம் நிறைந்த மாதத்தில் எனக்கு இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அடுத்தது, என் கைத்துப்பாக்கியை என்னாலேயே இயக்க முடியவில்லை.

முதல் விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை. அது என் மகள் யாழினியின் இலாகா. இரண்டாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துப்பாக்கி என்றதும் ஊரில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நான் கிள்ளானில் சின்னதாக ஒரு நகைக்கடை வைத்திருக்கிறேன். இங்கே சாமானியனுக்குத் துப்பாக்கி உரிமம் கிடைப்பது அபூர்வம்; என்னைப் போன்ற கடைக்காரர்கள் சிலருக்கு, கேட்டுக் கேட்டு அலைந்த பிறகு, கொடுப்பார்கள். தேவகோட்டையில் இருக்கும் என் பள்ளித் தோழன் சுந்தரம் இந்தச் செய்தியைக் கேட்டதும் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "கைலி கட்டியிருக்கும்போது அதை எங்கடா சொருகுவே?" நியாயமான கேள்வி. உரிம விண்ணப்பத்தில் இருந்த நாற்பது கேள்விகளில் இது இல்லை.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடையில் மெருகு போடும் வேலைக்கு. ஒன்பது வருடம் நகைகளைத் தேய்த்ததில் நகைகளோடு சேர்ந்து என் கட்டைவிரல் ரேகையும் தேய்ந்துவிட்டது. இந்த நாட்டில் அடையாள அட்டையோடு கட்டைவிரலையும் கருவியில் வைத்தால்தான் நீங்கள் நீங்கள். வங்கியில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். "அங்கிள், தொடச்சிட்டு வைங்க" என்பார்கள். துடைத்து வைத்தால் மறுபடியும் சிவப்பு. பிறகு ஓர் அதிகாரி வந்து என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். குடியுரிமை வாங்கிப் பதினேழு வருடம் ஆகிறது. கருவிக்கு இன்னும் சேதி போகவில்லை.

மனைவி லெட்சுமி கிள்ளான்காரி. அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். கடை என் பெயரில் இருந்தாலும் ஓடுவது அவளால்தான். பெண்கள் அவளிடம் வந்து உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணம், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் வளையலைப் பார்ப்பார்கள். நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். வியாபாரமும் நின்றுவிடும்.

ஆறு வருடத்துக்கு முன், பட்டப்பகலில், ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் பாராங்கை லெட்சுமியின் கழுத்தில் வைத்தான். பாராங் என்றால் நம்மூர் வெட்டரிவாளுக்கு அண்ணன். இன்னொருவன் மோதிரத் தட்டுகளை அள்ளினான். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். போலீஸ் அறிக்கையில் "காயம் எதுவும் இல்லை" என்று எழுதினார்கள். அதை லெட்சுமிக்குப் படித்துக்காட்டினேன். அடுத்த நான்கு மாதம் அவள் கடைப்பக்கமே வரவில்லை.

பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, இங்கே எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு சொன்னாள்: "ஒங்க கையில ஒண்ணு இருந்தா நான் வரேன். இல்லாட்டி கடைய மூடிடுங்க லா. எனக்கு முடியாது."

நான் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றதை அவள் ஒரு தடவைகூடக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. விண்ணப்பம் போட்டேன்.

நேர்காணலுக்கு யாழினி எனக்கு ஒரு மலாய் வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தாள். வணிகச் சொத்துகளின் பாதுகாப்பு, பொறுப்புள்ள குடிமகன் என்றெல்லாம் வரும். இரவு பகலாக மனப்பாடம் செய்தேன். அதிகாரி "ஏன் உங்களுக்குத் துப்பாக்கி?" என்று கேட்டதும் வாக்கியம் முழுவதும் பறந்துவிட்டது. "என் மனைவி பயப்படுகிறாள். நானும் பயப்படுகிறேன்" என்று சந்தையில் பேசும் பாசார் மலாயில் சொன்னேன். அவர் எதையோ எழுதினார். உரிமம் வந்தது. லெட்சுமியும் கடைக்கு வந்தாள்.

3

கடையில் எங்களுக்கு முக்கியமான பண்டிகை தீபாவளி அல்ல, ஆயுத பூஜை. தராசு, கால்குலேட்டர், அட்டை தேய்க்கும் கருவி, ஷட்டர் பூட்டு எல்லாவற்றையும் லெட்சுமி துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பாள். துப்பாக்கி வாங்கிய முதல் வருடமே, "ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வைக்காம வேற எத வைக்கறது?" என்று கேட்டாள். உரிமப்படி அதை நான் மட்டும்தான் தொடலாம். ஆகவே தோட்டாக்களையெல்லாம் எடுத்துவிட்டு, குழாய் காலியா என்று இரண்டு தடவை பார்த்து, நானே அதை வாழையிலையில் வைத்து நானே சந்தனம் பூசுவேன். லெட்சுமி இரண்டடி தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் மேல... அங்கதான், நல்லா வைங்க" என்று மேற்பார்வை பார்ப்பாள்.

போன வருடம் நன்றாகவே வைத்துவிட்டேன். பூஜை முடிந்த அடுத்த வாரம் துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்துப் பார்த்தேன். ஸ்லைடு என்பார்கள். அதைப் பின்னால் முழுதாக இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழாய்க்குள் ஏறும். நான் பாதுகாப்புக்காகக் குழாயைக் காலியாகவே வைத்திருப்பவன். ஆகவே ஸ்லைடை இழுக்க முடியாவிட்டால் என் இடுப்பில் இருப்பது அரைக் கிலோவுக்கு மேல் இரும்பு, அவ்வளவுதான்.

ஸ்லைடு பாதி வந்து நின்றது. சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது என்று முடிவு செய்தேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் லிம்மிடம் கொண்டுபோனேன். லிம் சீனர். ஆனால் டெங்கில் என்ற ஊரில் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்து, தமிழ்ப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவர். என் மகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். துப்பாக்கியைப் பிரித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"பாஸ், இது துப்பாக்கியா, சாமியா?"

"ஆயுத பூஜை."

"தெரியும் லா. எங்க தோட்டத்துல டிராக்டருக்கு வைப்பாங்க. ஆனா டிராக்டருக்கு உள்ள வைக்க மாட்டாங்க."

ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, என்னிடம் நீட்டினார். இழுத்தேன். பாதி வந்து நின்றது. அவர் வாங்கி இரண்டு விரலால் இழுத்தார். சர்ரென்று வந்தது. மறுபடி என்னிடம் கொடுத்தார். பாதி.

"துப்பாக்கி ஓகே பாஸ்," என்றார் லிம். "கையத்தான் சர்வீஸுக்கு விடணும்."

மருத்துவமனையில் பிடிபலம் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். தாதி, "அங்கிள், நல்லா அழுத்திப் புடிங்க" என்றாள். "புடிச்சிட்டேன்மா" என்றேன். "இல்ல அங்கிள், இப்ப புடிங்க." "இப்பவும் புடிச்சிட்டுத்தான் இருக்கேன்." அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு என் வயதை மறுபடியும் கேட்டாள். இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டும் தேய்ந்துவிட்டதாகவும், வலது மோசம், இடது பரவாயில்லை என்றும் டாக்டர் சொன்னார். மருந்து வலிக்குத்தான், பலத்துக்கு இல்லை என்றார்.

4

உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். என் முறைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதிகாரி முன்னிலையில், நாமே தோட்டா ஏற்றி, குறிபார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் லெட்சுமி கடைக்கு வரமாட்டாள். லெட்சுமி வராவிட்டால் கடை இல்லை. கடையைக்கூட விடுங்கள், மறுபடியும் அவள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனாக ஆகிவிடுவேன். ஆகவே அவளிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

சொன்னது யாழினியிடம். வேறு வழியில்லை. பலமில்லாத கைக்கு என்று லிம் பார்க்கச் சொன்ன பாடங்கள் எல்லாம் ஆங்கில வீடியோக்களாக இருந்தன. யாழினிக்கு இருபத்தாறு வயது. பங்சாரில் வேலை, அங்கேயே தோழிகளோடு ஒரு வீட்டில் வாசம். கிள்ளானுக்கும் பங்சாருக்கும் நாற்பது நிமிடம். அவள் வீட்டுக்கு வருவது தீபாவளிக்கும், காரைச் சர்வீஸுக்கு விடும்போதும். என்னிடம் தமிழில் ஆரம்பிப்பாள், இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். நான் மூன்றாவது வாக்கியத்தில் "அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்று போனைக் கொடுத்துவிடுவேன். பல வருடமாக இதுதான் எங்கள் உரையாடல்.

விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியோடு வந்து நின்றாள். லெட்சுமி, மகள் ஆட்டுக்கறிக்கு ஏங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு கிலோ வாங்கினாள்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து அப்பாவும் மகளும் வீடியோ பார்த்தோம். எல்லாவற்றிலும் அமெரிக்கப் பெண்மணிகள். எழுபது வயதுக்குமேல், ரோஜா நிறச் சட்டை, விரல்கள் இஞ்சிக்கிழங்கு மாதிரி. அவர்கள் ஸ்லைடை இழுப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

"பா, நீங்க பண்றது தப்பு," என்றாள் யாழினி. "கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் வச்சு பின்னால கிள்ளி இழுக்கறீங்க. அந்தம்மா பாருங்க, லெப்ட் கைய மேல போத்துறாங்க. ஃபுல் உள்ளங்கை. நெஞ்சுகிட்ட கொண்டு வாங்க. அப்புறம் லெப்ட் கைய இழுக்காதீங்க. ரைட் கையால துப்பாக்கிய முன்னால தள்ளுங்க. தோள்பட்டைல இருந்து."

"முன்னாடி தள்ளுறதா?"

"ஆமா. இழுக்கறது வெரல். தள்ளுறது ஒடம்பு. குழாய் மட்டும் எப்பவும் செவுத்த பாக்கணும், என்னைப் பாக்கக் கூடாது, ஓகே?"

காலித் துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, இடது உள்ளங்கையால் மேலே போர்த்தி, வலது கையால் தள்ளினேன். ஸ்லைடு முழுதாக வந்தது. யாழினி கை தட்டினாள். அவள் எனக்காகக் கை தட்டி நான் பார்த்ததே இல்லை. வெளியிலிருந்து லெட்சுமி, "என்னா சத்தம்?" என்றாள். "கேம்மா, கேம்!" என்று யாழினியே சமாளித்தாள்.

ஐந்து சனிக்கிழமை வந்தாள். ஐந்தாவது சனிக்கிழமை ஸ்லைடு பத்துக்கு ஒன்பது தடவை முழுதாக வந்தது. அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே என் கை இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம் என்று ஒருமுறை தோன்றியது.

ஆனாலும் அந்தப் பத்தாவது தடவை உறுத்தியது. துப்பாக்கியையே மாற்றிவிடலாமா என்று லிம்மைக் கேட்டேன். அவர் மேசையில் மூன்றை வைத்தார். நான் நேராக ஆகச் சின்னதை எடுத்தேன். லிம் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாரும் இதத்தான் எடுக்கறாங்க. கை வீக், அதனால சின்ன துப்பாக்கி. பாஸ், சின்னதுக்குள்ள ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். புடிக்க எடம் இல்ல. சுட்டா கை பறந்துடும். பெருசா, கனமா இருந்தா அதுவே ஒதைய வாங்கிக்கும்."

இரண்டாவது பெரியது. ஸ்பிரிங் மெதுவானது, ஆனாலும் இழுத்தாக வேண்டும். மூன்றாவது ரிவால்வர். இழுக்க ஸ்லைடே இல்லை. தோட்டாக்கள் உருளையில் தயாராக இருக்கும். எடுத்தால் விசை மட்டும்தான். அந்த விசை கொஞ்சம் கனம். என் ஆள்காட்டி விரல் அதைச் சமாளித்தது. முடியாத நாளில் குதிரையை, அதாவது பின்பக்கத்துக் கொக்கியை, இடது கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டால் விசை வெண்ணெயாகிவிடும். சுடும் தளத்தில் லிம்மின் மேற்பார்வையில் சுட்டுப் பார்த்தேன். ஆறும் பலகையில் பட்டன.

துப்பாக்கியை மாற்ற அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். இணைப்புகளில் மருத்துவச் சான்று, லிம்மின் கடிதம், கட்டைவிரல் ரேகை. ரேகை விழாததற்கு ஒரு விளக்கக் கடிதம். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. வரும் வெள்ளிக்கிழமை போய் ரிவால்வரை எடுத்துக்கொள்ளலாம் என்றது கடிதம். கடிதத்தை மேசை டிராயரில் வைத்தேன்.

5

அதற்கு முந்தைய புதன்கிழமை நல்ல மழை. கொள்ளைக்குப் பிறகு எங்கள் கடைக்கதவு உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். ஹெல்மெட்டோடு யாரும் வரக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மதியம் ஒரு வாடிக்கைக்கார அம்மா கிளம்பினார். லெட்சுமி பொத்தானை அழுத்தினாள். அந்த அம்மா குடையை விரிக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், அவரை உரசிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்துவிட்டான். ஹெல்மெட், முகக் கண்ணாடி மூடியிருந்தது. மழைக்கோட்டு. வலது கை கோட்டுக்குள் இருந்தது.

லெட்சுமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னும் அதே சத்தம்தான் வந்தது.

இந்தத் தடவை நான் கையைத் தூக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்த துப்பாக்கி மேசைக்குக் கீழே என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. ஸ்லைடை இழுத்தேன். உள்ளங்கை, நெஞ்சு, தோள்பட்டை ஒன்றும் நினைவில் இல்லை. பழைய மாதிரியே இரண்டு விரலால் கிள்ளி இழுத்தேன். பாதி வந்து வழுக்கிவிட்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி பாதி. கட்டைவிரலில் வலி முழங்கை வரை ஏறியது. குழாய் அந்த ஆளின் வயிற்றுக்கு நேராக இருந்தது; நடுவில் மேசைப் பலகை மட்டும்தான். என் விரல் விசையின் மேல் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது. தோட்டா ஏறியிருந்தால் அழுத்தியிருப்பேன்.

அந்த ஆள் கோட்டுக்குள்ளிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தான்.

"கேக், அங்கிள்! கேக்!" என்றான். பெட்டி நனையாமலிருக்க அதைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறான். முகக் கண்ணாடியை மேலே தூக்கினான். ஆள் மலாய்க்காரர், ஐம்பதுக்கு மேலே இருக்கும். உள்ளே போட்டிருந்த மூக்குக் கண்ணாடி முழுதும் ஆவி. அவருக்கு எங்கள் அறிவிப்பும் தெரிந்திருக்காது, நானும் தெரிந்திருக்க மாட்டேன். பெட்டியின் மேல் ஒரு சீட்டு. யாழினி அனுப்பியிருக்கிறாள். அப்பா மலேசியாவுக்கு வந்து முப்பது வருடம்.

சேர்த்ததற்கு அத்தாட்சியாக அவர் படம் எடுக்க வேண்டுமாம். நான் இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். "சென்யும், அங்கிள், சென்யும்" என்றார் போனைத் தூக்கிக்கொண்டு. சிரிக்கச் சொல்கிறார். சிரித்தேன். தரையை நனைத்ததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு மழையில் போனார்.

லெட்சுமி கதவு மூடியதை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். என் பக்கத்தில் குனிந்து, மேசைக்குக் கீழே பார்த்தாள்.

"மொதல்ல அத உள்ள வைங்க," என்றாள். வைத்தேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு துணி எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே, "அந்தாளுக்கு ஒங்க வயசு இருக்கும்," என்றாள்.

கடை மூடும் நேரத்தில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூட்டு, வீடியோ, ரிவால்வர். டிராயரைத் திறந்து கடிதத்தையும் காட்டினேன். இந்த வெள்ளிக்கிழமை வரப்போவது ஸ்லைடு இல்லாதது, விரல் மட்டும் போதும் என்றேன். சொல்லும்போதே என் பார்வை கேக் பெட்டியின் மேல் போனது.

"கை முடியாதுன்னு தெரியும்," என்றாள். "ஊறுகா போத்தல தொறக்கவே ஒரு வருஷமா என்னைத்தான கூப்புடறீங்க."

"தெரிஞ்சும் ஏன் கடைக்கு வந்தே?"

"பின்ன? நீங்க தனியாவா ஒக்காருவீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டு என் சட்டைப்பையில் வைத்தாள்.

"வெள்ளிக்கெழம போயி ரெண்டையும் குடுத்துட்டு வாங்க. துப்பாக்கியையும், இந்தக் கடுதாசியையும். நான் கடைல இருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

6

ஒப்படைப்பதற்கும் ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் விற்பனை, இடமாற்றம், மரணம், இதர என்று நான்கு கட்டங்கள். மரணம் என்ற கட்டத்தை உரிமையாளர் எப்படி நிரப்புவார் என்று தெரியவில்லை. இதர என்பதில் குறியிட்டு, பக்கத்தில் மலாயில் "கை பலவீனம்" என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி என் கோப்பைப் புரட்டினார். ரிவால்வருக்கு அனுமதி வந்திருக்கிறதே, அதற்குப் பலம் தேவையில்லையே, அங்கிள் அவசரப்பட வேண்டாமே என்று அன்பாகச் சொன்னார். தெரியும் என்றேன். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வாசலில் நின்று கடைக்குப் போன் போட்டேன். லெட்சுமி எடுத்து, "கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் பேசுங்க," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் யாழினி கூப்பிட்டாள். அம்மா சொல்லியிருக்கிறாள், ஒப்படைத்ததை மட்டும். குரலில் கோபம் இருந்தது.

"ஏன் பா குடுத்தீங்க? நைன் அவுட் ஆஃப் டென் வந்துச்சுல்ல? ரிவால்வருக்கும் லெட்டர் கெடச்சிருச்சு. இவ்ளோ கஷ்டப்பட்டு..."

போனை அம்மாவிடம் கொடுக்கவில்லை. "கேக் கொண்டாந்தாரே ஒருத்தர்," என்றேன், "அவரை நான் சுட்டுட்டேம்மா. குண்டுதான் வரல."

அந்த மனிதர் எடுத்த படம் புதன்கிழமையே அவளுக்குப் போய், அவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, தேவகோட்டைவரை எல்லோரும் பூங்கொத்து அனுப்பியிருந்தார்கள். கேக்கோடு நான் சிரிக்கும் படம்.

"பா," என்றாள் மெல்ல. "அந்த போட்டோல ஒங்க ரைட் கை எங்க இருக்கு?"

"மேசைக்குக் கீழ."

மதியம் பார்த்தபோது குழுவில் பூங்கொத்துகள் மட்டும் இருந்தன. படத்தை எடுத்துவிட்டிருந்தாள்.